உன் கைக்கு ஏற்ற மட்டை

பெஷாவர்
6 ஆகஸ்ட் 1984

அன்பு அண்ணன் பஹ்ராமந்த் லாலாவுக்குத் தம்பி தில்நவாஸின் ஸலாம். சோர்வு உங்களை அண்டாதிருக்கட்டும். இங்கே பாபா நலம். பல் வலி மட்டும் போகவில்லை. பிடுங்கிவிடலாம் என்று சொன்ன டாக்டரை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணி ஸர்மீனா பாபி எப்படி இருக்கிறார்? குழந்தை பல்வாஷா நடக்கத் தொடங்கிவிட்டாளா?

ஓர் உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். பிப்ரவரியில் நீங்கள் இருக்கும் இங்கிலாந்திலிருந்து ஸ்குவாஷ் இளைஞர் அணி வருகிறது. லாகூர், கராச்சி முடித்துவிட்டு பெஷாவரில் ஒரு நாள். நம் பக்கம் ஆடுவதற்கு நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். அன்று ஜெயிப்பவர்களை விமானக் கம்பெனி தன் அணியில் சேர்த்துக்கொள்ளும். நிரந்தர வேலை, வருடத்துக்கு ஒரு முறை வெளிநாடு. பாபாவிடம் சொன்னபோது தலையைக்கூட ஆட்டவில்லை. ஆனால் சாயங்காலம் ரொட்டிக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு வாழ்த்தினார்.

என்னிடம் இருப்பது பழைய மர மட்டை. மற்ற மூவரும் கிராஃபைட்டுக்கு மாறிவிட்டார்கள். நீங்கள் அங்கே கிளப்பில் பயிற்சியாளர், நாள் முழுக்க மட்டைகளோடு இருப்பவர். எனக்கு நல்ல மட்டை எது என்று சொல்லுங்கள்.

பாபா தன் துஆவைச் சொல்லச் சொன்னார்.

உங்கள் தம்பி,
தில்நவாஸ்


ஷெஃபீல்ட்
2 செப்டம்பர் 1984

அன்புத் தம்பி தில்நவாஸுக்கு, அல்லாஹ் உனக்கு நலம் தரட்டும். உன் கடிதம் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். பல்வாஷா நடக்கவில்லை, ஓடுகிறாள். பாபாவைக் கிராம்பு கடிக்கச் சொல். வரும் பெருநாளுக்கு என் முன்கூட்டிய வாழ்த்து. அம்மாவின் கபரில் என் சார்பிலும் ஓதிவிட்டு வா.

நல்ல மட்டை எது என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒன்று கிடையாது. இந்தக் கிளப்புக்கு வரும் வக்கீல்களும் பல் டாக்டர்களும் செய்கிற தவறு இதுதான். ஆறு மாதம் ஆடியிருப்பான். கடைக்குப் போய் சாம்பியன்கள் பிடிக்கிற மெல்லிய மட்டையை வாங்கிவருவான். பந்து சரியாக நடுவில் பட்டால்தான் அந்த மட்டை வேலை செய்யும். விளிம்பில் பட்டால் அவன் மணிக்கட்டுக்குத்தான் கேடு. புதியவனுக்குப் பெரிய தலை, கொஞ்சம் கனம், தளர்வாகக் கட்டிய நரம்பு. அவனிடம் இல்லாத வேகத்தை மட்டை கொடுத்துவிடும். தேறியவனுக்கு வேகம் கையிலேயே இருக்கும். அவனுக்குத் தேவை, நினைத்த இடத்தில் பந்தைப் போடுவது. தலை லேசாகவும் நரம்பு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். இடையில் நிற்பவர்களோடுதான் பெரும்பாடு. எல்லாரும் தங்களை ஒரு படி மேலேயே வைத்துக்கொள்வார்கள்.

நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் ஆட்டத்தைப் பார்த்து நான்கு வருடம் ஆயிற்று. அதனால் டாக்டரிடம் சொல்வதுபோல எழுது. பெருமை வேண்டாம். எந்த மூலைப் பந்துக்குத் தாமதமாகிறாய், எத்தனையாவது செட்டில் மூச்சு வாங்குகிறது, உடம்பில் எங்கே வலி, எல்லாம்.

கிளப்புக்குப் புதிய செயலாளர் வந்திருக்கிறார். எல்லாவற்றிலும் கறார். மற்றபடி வேலை பழையபடிதான்.

அன்புடன்,
பஹ்ராமந்த்


பெஷாவர்
24 செப்டம்பர் 1984

அன்பு லாலாவுக்கு ஸலாம். நீங்களும் பாபியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். பெருநாள் நன்றாக நடந்தது. அம்மாவின் கபரில் உங்கள் பெயரைச் சொல்லி ஓதினேன். பாபா கிராம்பைக் கடித்துவிட்டு இப்போது உங்களையும் சேர்த்துத் திட்டுகிறார்.

பெருமை வேண்டாம் என்றீர்கள். சரி, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

முதல் இரண்டு செட்டில் என்னை நிறுத்துவது கடினம். உண்மையாகவே. மூன்றாவது செட்டின் பாதியில் மூச்சு போய்விடுகிறது. அப்போது ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் குனிவேன். நாடா அவிழ்ந்தே இருக்காது. முன்சுவரில் மெதுவாகத் தட்டி மூலையில் போடப்போகிறேன் என்றால், அதற்கு ஒரு கணம் முன்னால் என் கண் அந்த மூலைக்குப் போய்விடுகிறது. இதை நானே கண்டுபிடித்தேன். வேறு யாரும் இதுவரை கவனிக்கவில்லை.

இன்னொன்று. இதைப் பாபாவிடம்கூடச் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு டாங்கா குதிரைவண்டிக்கு வழிவிடப் போய் சைக்கிளோடு விழுந்தேன். இடது முழங்கால். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இடது பின்மூலைக்குத் திரும்பும்போது உள்ளே ஏதோ பிடிக்கிறது. முழு அடி வைக்கப் பயந்து அரை அடி வைக்கிறேன். பந்து வந்துவிடுகிறது, நான் போய்ச் சேருவதில்லை. மட்டை லேசாக இருந்தால் அந்த அரை அடியைக் கையால் எட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பாபா நான்கு மணிக்கே எழுப்பிவிடுகிறார். வெயில் ஏறுவதற்குள் இருநூறு பந்து. அவர் சுவரோரம் உட்கார்ந்து எண்ணுவார்.

உங்கள் தம்பி,
தில்நவாஸ்


ஷெஃபீல்ட்
12 அக்டோபர் 1984

அன்புத் தம்பிக்கு துஆ. உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். எல்லாரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது.

நீ எழுதியது போதாது. இடது பின்மூலையில் அதிகம் சிரமப்படுத்துவது எது? சுவரை ஒட்டி வேகமாக வருகிற பந்தா, உயரத் தூக்கிப் போட்ட பந்தா? கண் மூலைக்குப் போவது வலப்பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? முழங்கால் வலி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறதா, உடம்பு சூடேறிய பிறகு வருகிறதா? இவற்றைப் பொறுத்துத்தான் மட்டையின் கனம் தலையில் இருக்க வேண்டுமா பிடியில் இருக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

முழங்காலைப் பற்றிப் பாபாவிடம் சொல்லாதே. அவர் யாரிடமாவது சொல்லி, தேர்வுக்குழுவின் காதுக்குப் போகும். என்னோடு இருக்கட்டும்.

சீக்கிரம் பதில் போடு.

பஹ்ராமந்த்


பெஷாவர்
30 அக்டோபர் 1984

அன்பு லாலாவுக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் நலம் அறிய ஆவல். பாபா கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார், ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் கேட்பதைப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். உயரத் தூக்கிப் போட்ட பந்துதான் தொல்லை. வேகமாக வருவதை எப்படியாவது தடுத்துவிடுவேன். மெதுவாக மேலிருந்து இறங்கி மூலையில் சாகிற பந்துக்கு என்னிடம் பதில் இல்லை. கண் போவது வலப்பக்கம் மட்டும். முழங்கால் சூடேறிய பிறகுதான் பிடிக்கிறது, அதுவும் மூன்றாவது செட்டில்.

இவ்வளவு அக்கறையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை, லாலா. பாபா எண்ணிக்கை மட்டும்தான் கேட்பார்.

ஒரு விஷயம். மதியங்களில் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள்? வரப்போகிற இங்கிலாந்து அணிக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் ஆள் எடுப்பதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். அங்கே நீங்கள் கேள்விப்பட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தில்நவாஸ்


ஷெஃபீல்ட்
19 டிசம்பர் 1984

அன்புத் தம்பிக்கு துஆ. பதில் தாமதமாகிவிட்டது. எனக்குச் சளி, குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு வேலை. இப்போது எல்லாரும் தேறிவிட்டோம்.

மட்டை வாங்கிவிட்டேன். இங்கே ஆலையில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் ஒருவர் ஜனவரி முதல் வாரம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிராஃபைட்தான். தலை லேசு, பிடிப்பக்கம் கனம். சந்தேகமிருந்தால் நடுத்தண்டை விரல்மேல் வைத்துப் பார், பிடி கீழே சாயும். நரம்பை மிகவும் இறுக்கச் சொல்லவில்லை. மூன்றாவது செட்டில் கை சோரும்போது மட்டையிடமிருந்து கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும். பிடியைச் சுற்றி மூடினால் உன் நடுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் பாபாவிடம் இன்னொரு சுற்று துணி சுற்றச் சொல். நானே ஐம்பது பந்து அடித்துப் பார்த்தேன். உன் தரத்துக்கு இதுதான். இதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. உன் வயதில் நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

எப்படிப் போனாலும் அது ஓர் ஆட்டம், அவ்வளவுதான். மனதில் வைத்துக்கொள்.

பஹ்ராமந்த்


பெஷாவர்
12 ஜனவரி 1985

அன்பு லாலாவுக்கு ஸலாம். குழந்தைக்குக் காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டதா? இங்கே பாபாவும் நானும் சுகம்.

மட்டை வந்துவிட்டது. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கையில் எடுத்ததும் இது என்னை முன்பே தெரிந்த பொருள் போல இருந்தது. அந்த அரை அடியில் பாதியைக் கை எட்டுகிறது. பாபா நரம்பைத் தட்டித் தட்டிக் கேட்டார், பிறகு "உங்கண்ணனுக்குக் கண்ணு இருக்குடா" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது.

பத்திரிகையில் இங்கிலாந்து அணியின் பட்டியல் வந்திருக்கிறது. எனக்கு எதிராக நீல் ஹாப்வுட் என்று ஒருவன். ஊர் ஷெஃபீல்ட் என்று போட்டிருக்கிறது. உங்களுக்கு அவனைத் தெரியுமா? ஆட்டம் பிப்ரவரி பதினாறு. அவனுக்கு எது வராது என்று ஒரு வரி எழுதினால் போதும். நேரமில்லையென்றால் தந்தி கொடுங்கள். தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் தம்பி,
தில்நவாஸ்


பெஷாவர்
19 பிப்ரவரி 1985

லாலாவுக்கு ஸலாம். பாபா சுகம்.

உங்கள் தந்தி வரவில்லை. பரவாயில்லை என்றுதான் பதினாறாம் தேதி காலை நினைத்தேன். குளிரில் தபால் எல்லாம் தாமதமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் செட் ஒன்பதுக்கு நான்கு. இரண்டாவது ஒன்பதுக்கு ஏழு. இரண்டும் எனக்கு. மாடியில் உட்கார்ந்திருந்த விமானக் கம்பெனி அதிகாரி எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நீல் சிரமப்படவே இல்லை. நான் ஓடுவதற்குப் பந்து கொடுத்துக்கொண்டே இருந்தான், பத்து, இருபது, முப்பது. செட் போவதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லாததுபோல இருந்தது.

மூன்றாவது செட்டில் முதல் பந்தை உயரத் தூக்கினான். இடது பின்மூலை. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்ததும். முழங்கால் பிடித்துக்கொண்டது. மெதுவாகத் தட்டித் தப்பிக்கப் பார்த்தால், என் மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே அவன் வல மூலையில் வந்து நிற்கிறான். நாடாவைக் கட்டக் குனிந்தேன். நடுவரைப் பார்த்து, நாடா அவிழவில்லை என்று மரியாதையாகச் சொன்னான். மாடியில் சிரித்தார்கள். மீதி மூன்று செட்டில் என் புள்ளிகள் ஐந்து, இரண்டு, பூஜ்யம். கடைசி செட்டில் எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

பிறகு கஹ்வா தேநீர் கொடுத்தார்கள். நீல் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு உருது நாலு வார்த்தை, எனக்கு இங்கிலீஷ் நாற்பது வார்த்தை. நல்ல பையன்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

"கால் இப்ப எப்படி இருக்கு? உங்க அண்ணன் ரொம்பக் கவலைப்பட்டார்" என்றான்.

எந்தக் கால் என்று கேட்டேன்.

"இடது முழங்கால்தான். சைக்கிள்ல விழுந்தீங்களாமே. அவர் ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அது இல்லன்னா நான் இன்னைக்கு செத்தேன்" என்று சொல்லி என் தோளில் தட்டினான்.

எனக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், லாலா. விளையாட்டுக்காரர்களுக்குள் இது சகஜம் என்று. நானும் தலையாட்டினேன். கஹ்வாவைக் குடித்து முடித்தேன். நாலு பேரில் ஜெயித்த இருவரின் பெயரை அந்த அதிகாரி வாசித்தார். மூன்றாவதாக ஒரு பெயர் வருமோ என்று பாபா வாசலிலேயே நின்றார். எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் நின்றார்.

அந்தக் கடிதங்களை எழுதும்போது நான் ஒவ்வொரு வரிக்கும் வெட்கப்பட்டேன். எழுதிவிட்டு, பரவாயில்லை லாலாவிடம்தானே என்று உறையை ஒட்டினேன்.

மட்டையைக் குறை சொல்லலாமென்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். ஒரு குறையும் இல்லை. எனக்கு அதைவிடப் பொருத்தமான மட்டை உலகத்தில் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாபாவிடம் சொல்லவில்லை. மூச்சு வாங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

தில்நவாஸ்


ஷெஃபீல்ட்
14 மார்ச் 1985

அன்புத் தம்பிக்கு துஆ. பாபாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

நீ எழுதியது சரிதான். நீல் எங்கள் செயலாளரின் மகன். இரண்டு வருடமாக என்னிடம் கற்கிறான். அக்டோபர் தொடக்கத்தில் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, பையன் உன் ஊரில் ஆடப்போகிறான், அங்கே இருப்பவர்களைப் பற்றி உனக்குத் தெரியாமலா இருக்கும் என்றார். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிவதாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. குடும்பத்தோடு இருப்பவன் நிலை உனக்கு இன்னும் தெரியாது.

செப்டம்பரில் நான் கேட்டது உனக்காகத்தான். அதை நீ நம்பலாம். அக்டோபரில் கேட்டது எதற்காக என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மட்டையைத் தேர்ந்தெடுத்ததில் எந்த வஞ்சகமும் இல்லை. அதற்காக ஆறு கடை ஏறினேன்.

யாராக இருந்தாலும் உன் முழங்காலை மூன்றாவது செட்டில் கண்டுபிடித்திருப்பார்கள். நீ நல்ல வைத்தியரைப் பார். உனக்கு வயது இருக்கிறது. அடுத்த வருடமும் ஆள் எடுப்பார்கள்.

ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஜூனில் நோன்புப் பெருநாளுக்கு உன் பாபியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறேன். பதினெட்டாம் தேதி வந்து சேருவோம். நேரில் பேசிக்கொள்வோம். அதுவரை பாபாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பஹ்ராமந்த்


பெஷாவர்
9 ஏப்ரல் 1985

பாபா சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

மகன் பஹ்ராமந்துக்கு, உன் தகப்பன் மஸல் கான் சொல்றது. நல்லா இருக்கியா? உன் சம்சாரம், குழந்தை எல்லாம் சுகம்தானே? நான் சுகமா இருக்கேன். எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குத் தெரியும். அதனால இவன் எழுதறான்.

முப்பது வருஷம் ஆபீசர் கிளப்புல மார்க்கரா இருந்து பாயிண்ட் சொன்னவன் நான். அந்தப் பையன் மூணாவது செட்ல பந்தைத் தூக்கினான் பாரு, பக்கச்சுவரை லேசா உரசிட்டு, பின்னால போய் சத்தமில்லாம செத்து விழுந்துது. அந்தத் தூக்கல் எங்கேயும் விக்கறதில்ல. அது நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது. இவனுக்கும் சொல்லிப் பாத்தேன், இவனுக்கு வரல. அது தெரிஞ்சது ரெண்டே கைதான், என் கை, உன் கை. பந்து கீழ இறங்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது உன் சிஷ்யன்னு.

அதுல தப்பில்ல. சோறு போடறவனுக்குத் தொழில் சொல்லித்தரணும். ஆனா இவன் முழங்கால் சமாச்சாரம் அன்னிக்கு இவன் நொண்டினப்பதான் எனக்கே தெரியும். பெத்தவன் கண்ணுக்குத் தப்பினது, ஏழு கடல் தாண்டி இருக்கற பையனுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். இவன் மனசு விட்டு எழுதறது உனக்கு மட்டும்தான். இவன்கிட்ட நான் கேக்கல. இவனும் சொல்லல.

இங்க இவன் பேனாவை வச்சுட்டான். எடுத்து எழுதுடான்னேன்.

உன்னைப் பத்தொன்பது வயசுல அனுப்பினது நான். வீட்டுல ஒருத்தன் ஆடறதுக்குத்தான் வசதி இருந்துது. உனக்குக் கை இருந்துது, இவன் சின்னப் பையன், இவனை அனுப்ப முடியுமா? உன் ஆட்டத்தை நிறுத்தி, சம்பாதிக்க உன்னை அனுப்பிட்டேன். நீ விமானம் ஏறறப்ப ஒரு வார்த்தை பேசல. இத்தனை வருஷமா ஒரு கடுதாசியிலயும் அதைப் பத்தி எழுதல. என் புள்ளைக்குப் பெரிய மனசுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். கோபம் என் மேலன்னா என்கிட்ட காட்டியிருக்கணும். நான் தாங்கிக்கிட்டிருப்பேன். இவன் உன்னை டாக்டர்னு நெனச்சு சட்டையக் கழட்டிக் காட்டினான்டா.

பெருநாளைக்கு வர்றேன்னு எழுதியிருந்த. வா. வீடு உன்னுது. பேத்தியப் பாக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்கு. இவன் இருக்க மாட்டான். கோஹாட்ல ராணுவ கிளப்புல இவனுக்கு மார்க்கர் வேலை கிடைச்சிருக்கு. ஜூன் மாசம் எப்ப வேணா வந்து சேரலாம்னு சொல்லியிருக்காங்க. உன் கடுதாசியில தேதி பாத்துட்டு, இவன் பதினேழுன்னு சொல்லியனுப்பிட்டான்.

அண்ணனுக்குன்னு உன் கையால ரெண்டு வரி எழுதுடான்னு சொல்லிக் கீழ இடம் விடச் சொன்னேன். வேண்டாங்கறான். இடம் அப்படியே இருக்கட்டும்.

பஹ்ராமந்துக்கும் தில்நவாஸுக்கும் தகப்பன்,
மஸல் கான்
(கைநாட்டு)